அப்ஜூர் என்னும் சொல்லும் அதன்மேல் நம்மவர் ஏற்றிய பழியும்

ஆங்கிலத்தில் 'அப்ஜூர்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. நாள்தோறும் வழங்கும் சொல்லன்று. கடைத்தெருவிலும் பால் நிறுக்கும் இடத்திலும் அதற்கு வேலையில்லை. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டாரும் அதனை வாயாற் சொல்வது அருமை. எனினும், இந்நாட்டில் குடியுரிமை கோரி விண்ணப்பித்து, அதிகாரி முன்னிலையில் ஆணையிட்ட தமிழர் அச்சொல்லின் வழியாகவே உட்புகுந்தனர். மலேசிய அரசியலமைப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையைப் புரட்டிப் பார்க்க. பெயரைப் பதிவு செய்துகொண்டு குடிகளாக விரும்புவோரும், அயலாராயிருந்து குடிகளாக ஏற்கப்படுவோரும் இடவேண்டிய ஆணை அங்கே உளது. கூட்டரசுக்குப் புறம்பான எந்த நாட்டினிடத்தும் உள்ள விசுவாசம் யாவற்றையும் முற்றிலும் முழுவதுமாக 'ரினவுன்ஸ்' செய்து 'அப்ஜூர்' செய்வதாக அதன் ஆங்கில வாசகம் கூறுகின்றது. 18 வயது நிரம்பிய எவரும் இவ்வாணையை இடாமல் குடிகளாகப் பதிவு பெறுதல் இயலாது. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாளுக்குப் பின் இம்மண்ணிற் பிறந்து, சட்டத்தின் இயல்பாலேயே குடிகளானோர் இதனை இட்டாரல்லர். இட்டவர்கள் அவர்தம் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் ஆவர். அவருட் பலர் எழுத்தறியாதார்.

இவ்வொரு சொல்லை முன்னிட்டு நம்மவருக்குள் நடக்கும் வழக்கு சிறிதன்று. ஒரு சாரார், நீல அடையாள அட்டை பெற்ற முதியோரைப் பார்த்து, "பெற்ற தாயை இல்லையென்று சத்தியம் செய்தவர் நீர்" என்று இடித்துரைக்கின்றனர். மற்றொரு சாரார் ஆங்கிலங் கற்றவர். அவர் வாதம் இன்னுங் கூர்மையானது. "முற்றிலும் முழுவதும் துறந்தேன் என்று ஆணையிட்டுவிட்ட பின்னர்த் தமிழ்ப் பள்ளி எதற்கு? தமிழ் ஏடு எதற்கு? பொங்கல் எதற்கு? துறந்ததைத் துறந்தவாறே விடுக" என்பர் இவர். இவ்விருவருக்கும் நடுவே நின்று, "அஃதெல்லாம் வெறுஞ் சடங்கு, காகித வேலை, கேள்வி கேளாமற் கையொப்பம் இடு" என்று அவசரப்படுத்தும் கூட்டமும் ஒன்றுண்டு. விண்ணப்பத் தாள்களை நிரப்பிக் கொடுக்கும் கிராணிமாரிடையே இம்மூன்றாங் கூட்டமே பெரிது என்பதைத் தோட்டத்து ஆபீசில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் நாமே சொல்லாவிடின் வேறு யார் சொல்வார்?

இம்மூவருக்கும் விடை அச்சொல்லின் உள்ளேயே கிடக்கின்றது. பிரித்துப் பார்ப்பாரைத்தான் காணோம்.

இலத்தீன் மொழியில் 'ஆப்' என்பது அகற்சியைக் குறிக்கும் முன்னொட்டு. 'யூராரே' என்பது ஆணையிடுதல். இரண்டும் கூடி 'ஆப்யூராரே' ஆயின. ஆணையிட்டு அப்பாற் தள்ளுதல் என்பது பொருள். 'யூராரே' பிறந்ததோ 'யூஸ்' என்னும் வேரிலிருந்து. அதற்குச் சட்டம், உரிமை என்பன பொருள். மலேசிய நீதிமன்றங்களில் 1995ஆம் ஆண்டு ஒழிக்கப்படும் வரை இருந்த ஜூரியும் இக்குடும்பமே. ஆணையிட்டு அமர்ந்தோர் ஆதலின் அவர் ஜூரி எனப்பட்டனர். பொய்யாணை இடுதல் 'பெர்ஜுரி'. பலர் கூடி ஆணையிட்டுச் சதி செய்தல் 'கான்ஜூர்'. அது பின்னர்ப் பேயை ஆணையிட்டு அழைத்தலாகி, இன்று கண்கட்டு வித்தைக்காரன் தொப்பியிலிருந்து முயலை எடுப்பதில் வந்து முடிந்திருக்கின்றது. 'அட்ஜூர்' என்பது வேறு. பிறனை ஆணையால் கட்டிக் கேட்பது அது. மேடைப் பிரசங்கிகளில் அட்ஜூரையும் அப்ஜூரையும் ஒன்றாகக் குழப்பி முழங்குவோரை நாம் கேட்டிருக்கின்றோம். கேட்போர் கைதட்டவுஞ் செய்தனர்.

உரோமரிடத்தே இச்சொல் வழங்கிய இடம் நம்மவருக்கு நன்கு தெரிந்த இடமே. கிறித்து பிறப்பதற்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் முற்பட்ட பிளாட்டஸ் என்னும் நாடகாசிரியர் காலத்தில், வாங்கிய பணத்தை வாங்கவில்லையென்று நீதிபதி முன் சத்தியஞ் செய்பவனைக் குறிக்க அஃது ஆளப்பட்டது. கடன்காரன் சொல் அது! பெரும்பாலும் பொய்யன் சொல்லுங்கூட. இருந்ததை இல்லையென்று மறுப்பது அதன் பழம்பொருள். இருப்பதை இனி வேண்டாவென்று விடுப்பது அதன் பிற்பொருள். மறுத்தலும் துறத்தலும் தமிழில் வெவ்வேறு. ஆங்கிலத்திலே ஒரே சொல் இரண்டையுஞ் சுமந்துகொண்டு 15ஆம் நூற்றாண்டளவில் வழக்கிற்கு வந்தது. இச்சிறு வேற்றுமையை அறியாமையே முதற் சாரார் ஏற்றும் பழிக்கு அடிப்படை. "தாயை இல்லையென்றாய்" என்பது மறுத்தல். குடியுரிமை ஆணையோ எதனையும் இல்லையென்று சொல்லவில்லை. முன்னர் ஒரு விசுவாசம் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டாலன்றி அதனைத் துறப்பதற்கே இடமில்லையன்றோ?

கிறித்துவ வேதத்திலே பேதுரு தம் குருவை அறியேன் என்று மூன்று முறை மறுதலித்த கதையைக் கோயிலுக்குப் போகாதாரும் அறிவர். மத்தேயு எழுதியதன் 26ஆம் அதிகாரத்தில், பேதுரு இரண்டாம் முறை ஆணையிட்டும், மூன்றாம் முறை சபித்துக்கொண்டு சத்தியம் பண்ணியும் மறுத்ததாகக் காண்கின்றோம். அதே அதிகாரத்தில், சற்று முன்னே, பிரதான ஆசாரியன் இயேசுவை ஆணையிட்டுக் கேட்கின்றான். உள்ளே கூடத்தில் அட்ஜூர், வெளியே முற்றத்தில் அப்ஜூர்! சொல்லிலக்கணத்திற்கு இதனினும் நல்ல பாடம் தேடினாலும் அகப்படாது. பேதுரு செய்தது மறுப்பு. அறிந்தவரை அறியேன் என்றது. அதனைக் குடியுரிமை பெற்ற முதியவரின் செயலோடு ஒப்பிடுவோர் வேதத்தையும் அறியார், சட்டத்தையும் அறியார்.

இனி, ஆணை வாசகத்தில் இச்சொல்லுக்கு முன்னே நிற்கும் 'ரினவுன்ஸ்' என்பதற்கு வருவோம். அதுவும் இலத்தீனே, திரும்ப அறிவித்தல், எதிராக அறிவித்தல் என்பது அதன் வேர்ப்பொருள். வாயால் அறிவித்தாற் போதும், அதற்குச் சாட்சி தெய்வமோ சட்டமோ வேண்டுவதில்லை. அப்ஜூருக்கு அது போதாது. அறிவித்ததன்மேல் ஆணை விழ வேண்டும். ஒருபொருட் பன்மொழி என்று எண்ணி இரண்டையும் 'கைவிடுகிறேன்' என்று ஒரே சொல்லால் மொழிபெயர்த்து விடுவோர், ஆணையைத் தின்றுவிட்டு அறிவிப்பை மட்டும் இலையில் வைக்கின்றனர். முற்றிலும் முழுவதுமாக ரினவுன்ஸ் செய்து அப்ஜூர் செய்தல் என்னும் இத்தொடர் மலாயாவிற் பிறந்ததுமன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1795ஆம் ஆண்டு இயற்றிய குடியேற்புச் சட்டத்திலேயே இதே தொடர் உளது. அங்கே துறக்கச் சொன்னது அயலரசர், அயல்நாடு ஆகியவற்றினிடத்துள்ள கட்டுப்பாட்டினை.

நிற்க. இச்சொல் இங்கிலாந்தில் எவ்வாறு வாழ்ந்தது என்பதை அறிந்தாலன்றி, அஃது எதனைத் தொடும், எதனைத் தொடாது என்பது விளங்காது. இடைக்காலத்து இங்கிலாந்தில் கொலையோ கொள்ளையோ செய்தவன் ஓடிப்போய் ஒரு தேவாலயத்துட் புகுந்துகொண்டால், 40 நாள் வரை அவனை எவரும் தொடுதல் கூடாது. அதற்குள் அவன் 'கொரோனர்' என்னும் அரச அதிகாரியை அழைத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, இந்நாட்டை விட்டுப் போய்விடுவேன், அரசன் அனுமதியின்றித் திரும்பேன் என்று ஆணையிடலாம். அதற்கு நாட்டை அப்ஜூர் செய்தல் என்று பெயர். எந்தத் துறைமுகம் என்பதை அதிகாரி குறிப்பான். உடைமைகள் அரசனுக்குப் போய்விடும். கோணித்துணி போன்ற முரட்டு ஆடை அணிந்து, தலையில் ஒன்றுமின்றி, கையில் மரச் சிலுவை ஏந்தி, அரச பாட்டையை விட்டு விலகாமல் அவன் நடந்து போக வேண்டும். விலகினாற் பிடிபடுவான், தலையும் போகும். துறைமுகத்தில் கப்பல் இல்லையேல், போக மனமுடையேன் என்பதற்கு அடையாளமாக நாடோறும் முழங்காலளவு கடலில் இறங்கி நிற்க வேண்டும். குளிரிலும் அலையிலும் ஒரு கொலைகாரன் கப்பலை எதிர்நோக்கி முழங்கால் நனைய நிற்கின்ற அக்காட்சியை எண்ணிப் பாருங்கள். நம் முன்னோர் நாகப்பட்டினத்துக் கரையில் நின்றதும் கப்பலை எதிர்நோக்கியே. ஆனால் அவர் எவரையும் கொன்றுவிட்டு வந்தாரல்லர்.

எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் இவ்வழக்கம் சுருங்கியது. நாட்டை அப்ஜூர் செய்தவன் கட்டைவிரலில் 'ஏ' என்னும் எழுத்தைச் சுட்டுப் பொறித்தனர். அவன் வெளியே போய் நாட்டு இரகசியங்களை விற்கின்றான் என்று அஞ்சி, உள்நாட்டிலேயே ஒரு புகலிடத்தில் அடைத்தும் வைத்தனர். 1624ஆம் ஆண்டுச் சட்டம் புகலிடத்தையே ஒழித்தது. இங்கே நாம் காட்ட விரும்புவது ஒன்று. அக்கொலைகாரன் துறந்தது நாட்டை. நாட்டிலே நிற்கும் உரிமையை. ஆங்கிலம் பேசுவதை அவன் துறந்தானல்லன். தாய் தந்தையர் பெயரைத் துறந்தானல்லன். ஆணையின் வாசகத்தில் எது பெயரிட்டுச் சொல்லப்பட்டதோ அதுவே போயிற்று. கொலைகாரனுக்கே இவ்வளவு வரையறை இருந்ததெனின், உழைத்துக் களைத்து, ஒரு குற்றமுமின்றி அலுவலகத்தின் முன் வரிசையில் நின்ற தோட்டத் தொழிலாளிக்கு வரையறை இல்லையா?

வரையறையை மீறி ஆணைக்கு வால் ஒட்ட வைத்தால் விளையுங் கேட்டிற்கும் இங்கிலாந்தே சான்று. இரண்டாம் ஜேம்ஸ் மன்னன் நாடிழந்து பிரான்சில் 1701ஆம் ஆண்டு இறந்தான். அவன் மகனையே இங்கிலாந்தின் மன்னனெனப் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி அங்கீகரித்தான். சினங்கொண்ட பார்லிமெண்டு, அம்மகனுக்கு முடியுரிமை யாதும் இல்லையென்று எல்லா அதிகாரிகளும் அங்கத்தினரும் அப்ஜூர் செய்ய வேண்டுமென 1702ஆம் ஆண்டு சட்டஞ் செய்தது. நோக்கம் ஒருவன். வாசகத்தின் வாலிலோ "கிறித்துவனின் மெய்விசுவாசத்தின் பேரில்" என்னும் பொருள்பட ஒரு தொடர் ஒட்டிக்கொண்டது. அந்த வால் செய்த வேலையைக் கேளுங்கள். அவ்வரச மரபின் கடைசி ஆண்மகனான ஹென்றி என்னும் கர்தினால் 1807ஆம் ஆண்டு இறந்தொழிந்தார். துறப்பதற்கு ஆளே இல்லை! ஆயினும் பார்லிமெண்டு அங்கத்தினர் மேலும் 50 ஆண்டுகள், இல்லாத வாரிசுகளை ஆணையிட்டுத் துறந்துகொண்டே இருந்தனர். அந்த வெற்றாணையின் வால் யூதர்களை வாயிற்படியிலே தடுத்து நிறுத்தியது. லண்டன் நகர வாக்காளர் 1847ஆம் ஆண்டு தேர்ந்தெடுத்த லயனல் ரோத்சைல்டு என்பவர், யூதராதலின் அத்தொடரைச் சொல்ல மாட்டாமல், 1858ஆம் ஆண்டு ஜூலை வரை இருக்கையில் அமர இயலாது வெளியே நின்றார். டேவிட் சாலமன்ஸ் என்பவர் 1851ஆம் ஆண்டு அத்தொடரை விட்டுவிட்டு ஆணையிட்டு, உள்ளே அமர்ந்து வாக்கும் அளித்தார். அவருக்கு 500 பவுன் அபராதம். இத்தனையும் யாரைத் துறப்பதற்கு? செத்துப்போன ஒரு கோமகனை!

"குடியுரிமை ஆணையிட்டாய், ஆகவே தமிழையும் துறந்தாய்" என்போர் செய்வது இதே வேலை. வாசகத்தில் இல்லாத வாலை அவரே தைத்து ஒட்டுகின்றனர். அதனைக் கொண்டு சொந்த இனத்தவரையே வாயிற்படியில் நிறுத்துகின்றனர். அவரிடத்தே நாம் கேட்பது யாதெனின், ஆணையில் மொழி என்னும் சொல் எந்த வரியில் உள்ளது? காட்டட்டும். 'லாயல்டி' என்று உளது. அச்சொல்லின் பிறப்பையேனும் அவர் அறிவாரா? பழம் பிரெஞ்சு வழியாக 'லேகாலிஸ்' என்னும் இலத்தீனிலிருந்து அது வந்தது. சட்டத்திற்குரியது என்பது அதன் மூலப்பொருள். சட்டம் கட்டிய கட்டே லாயல்டி. தாயின் மடியில் கேட்ட தாலாட்டு அதனுள் அடங்காது. இதனைப் 'பற்று' என்று மொழிபெயர்த்துத் தந்தார் எவரோ, அவரே இவ்வளவு குழப்பத்திற்கும் வித்திட்டவர். பற்று என்றவுடன் மொழிப்பற்றும் இனப்பற்றும் ஊர்ப்பற்றும் வரிசையாக நினைவிற்கு வந்துவிடுகின்றன. பின்னர் எதனை விடுப்பது, எதனை வைப்பது என்று ஏழை திகைக்கின்றான்.

அதே அரசியலமைப்பின் 152ஆம் பிரிவையும் அவ்வன்பர்கள் சற்றே படிக்கலாம். மலாய் மொழி தேசிய மொழி என்று விதித்த அப்பிரிவே, அலுவல் காரியங்களுக்கன்றிப் பிறவாறு வேறெம்மொழியையும் பயன்படுத்துவதையும், கற்பிப்பதையும், கற்பதையும் எவரும் தடுத்தலாகாது என்றும் விதித்துள்ளது. ஆணை தமிழைத் துறக்கச் சொல்லியிருந்தால், அதே ஏட்டில் இப்பிரிவு ஏன் இருக்கின்றது? 24ஆம் பிரிவோ ஆணை மீறல் எப்படியிருக்கும் என்பதற்கு ஓர் அடையாளமே தருகின்றது. அயல்நாட்டுக் குடிகளுக்கே தனியுரிமையான உரிமைகளைத் தானாக வலிந்து பெற்றுப் பயன்படுத்துவோனின் குடியுரிமையைப் பறிக்கலாம் என்பது அது. அயல்நாட்டிலே போய் வாக்களிப்பது ஆணைக்கு விரோதம். அயல்நாட்டிலுள்ள அத்தைக்குக் கடிதம் எழுதுவது எந்தப் பிரிவிற்கும் விரோதமன்று. மறுபுறம், 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பும், பிற நாட்டுக் குடியுரிமையைத் தானாக ஏற்றவன் இந்தியக் குடியல்லன் என்று 9ஆம் பிரிவிலே தெளிவாகச் சொல்லிவிட்டது. தாய்நாடு என்று எதனை நம்மவர் விட்டுவிட்டாரென்று அழுகின்றோமோ, அதுவும் கணக்கை ஒழுங்காக முடித்துக்கொண்டது. பெற்றவள் மகனைச் சபிக்கவில்லை, இடையிலுள்ளவர்தான் சபிக்கின்றனர்.

கலீலியோவின் பெயரைச் சொல்லாமல் இச்சொல்லைப் பற்றி எழுதினால் படித்தவர்கள் குறைகூறுவர். 1633ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் உரோமாபுரியில், ஏறத்தாழ 70 வயதான அப்பெரியார் முழந்தாளிட்டு, பிறர் எழுதிக் கொடுத்த தாளைப் படித்தார். சூரியன் நடுவில் அசையாது நிற்கின்றது, பூமி அசைகின்றது என்னும் கொள்கையை அப்ஜூர் செய்கின்றேன், சபிக்கின்றேன், வெறுக்கின்றேன் என்றார். எழும்போது "ஆயினும் அது நகர்கின்றது" என்று முணுமுணுத்தார் என்பது பிற்காலத்தார் கட்டிய கதை. அவர் முணுமுணுக்க வேண்டியதும் இல்லை. பூமி அந்த ஆணையைக் கேட்டு நின்றுவிடவில்லை. சாகும் வரை வீட்டுக் காவலில் இருந்தார். 1642ஆம் ஆண்டு இறந்தார். பகுத்தறிவாளர் இக்கதையைப் பலகாலும் சொல்லுவர். ஆதலின் நாம் இதனோடு நிறுத்துகின்றோம். தோட்டத்து மக்களுக்கு இதனினும் நெருங்கிய கதை வேறொன்று உண்டு. அதனை நம் மேடைகள் சொல்லக் கேட்டோமில்லை.

பிரான்சு தேசத்துக் குடியானவர் மகள் ஜோன் என்பாள். எழுதப் படிக்க அறியாதவள். படை நடத்தி, பிடிபட்டு, ரூவன் என்னும் ஊரில் மதவிசாரணைக்கு ஆளானாள். 1431ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், செந்துவன் மடத்து இடுகாட்டில் மேடை கட்டி அவளை நிறுத்தினர். எரிக்கப்படுவாய், அல்லது அப்ஜூர் செய்வாய் என்றனர். அப்பொழுது அவள் சொன்னதாக, அருகிலிருந்த நீதிமன்ற ஏவலரான ழான் மாசியூ என்னும் பாதிரியார் பின்னாளிற் சாட்சியம் அளித்துள்ளார். அப்ஜூர் செய்தல் என்றால் என்னவென்று தனக்கு விளங்கவில்லை, அதுபற்றித் தனக்கு அறிவுரை வேண்டும் என்று அவள் கேட்டாளாம்.

சுமார் 19 வயதுப் பெண். எதிரே மேதாவிகள், பாதிரிமார், இலத்தீன் வல்லுநர். பின்னே விறகு. அவள் கேட்டது இந்த ஒரு கேள்வி: அச்சொல்லுக்குப் பொருள் என்ன?

பின்னர் ஒரு தாளை அவளுக்குப் படித்துக் காட்டினர், அவள் அடையாளமிட்டாள். மாசியூ சொல்வதன்படி அத்தாளில் இருந்தது ஏறக்குறைய எட்டு வரி. நீதிமன்றப் பதிவேட்டில் அவள் ஒப்புக்கொண்டதாகச் சேர்க்கப்பட்டிருக்கும் வாசகமோ அதனிலும் பன்மடங்கு நீண்டது. நான்கு நாள் கழிந்து, அவள் மறுபடியும் ஆணுடை தரித்திருக்கக் கண்டு விசாரித்தபோது, அத்தாளில் இருந்தது தனக்கு விளங்கவில்லை என்றும், நெருப்புக்கு அஞ்சியே துறந்ததாகவும் கூறினாள். ஆணையை மீறினாள் என்று மே 30ஆம் நாள் எரித்துவிட்டனர். 25 ஆண்டுகள் கழித்து, 1456ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், அவ்விசாரணையும் தீர்ப்பும் செல்லாவென்று இன்னொரு மதநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொருள் விளங்காதவளிடம், நெருப்பைக் காட்டி வாங்கிய ஆணை ஆணையாகுமா என்பதும் அங்கே ஆராயப்பட்டது. சாம்பலாகியவளுக்கு அத்தீர்ப்பு என்ன பயன் தந்தது என்று கேட்பீர்களாயின், நாமும் அதையே கேட்கின்றோம்.

மூன்றாங் கூட்டத்தாரை நோக்கி நாம் பேச வேண்டியது இங்கேதான். "வெறுஞ் சடங்கு, கையொப்பம் இடு" என்கின்றீர். நம்மவர் பின்னே விறகு அடுக்கியிருக்கவில்லை, மெய்தான். ஆனால் 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டுமென்று ஆனபோது, சிவப்பு அட்டையினர் ஆயிரக்கணக்கில் மூட்டை கட்டிக் கப்பலேறியதை நம் வீட்டு முதியோர் கண்டிருக்கின்றனர். 30 ஆண்டும் 40 ஆண்டும் பால்மரம் வெட்டிய கைகள் அவை. ஆணையிட்டவன் நின்றான், இடாதவன் போனான். அவ்வளவு கனமுள்ள சொல்லைச் சடங்கு என்று சொல்ல உமக்கு எப்படி நா எழுகின்றது? இன்றும் சிவப்பு அட்டையுடன் முதுமை எய்திய தமிழர் இந்நாட்டில் உளர். அவர்களுள் ஒருவர் விண்ணப்பத் தாளோடு உம் மேசைக்கு வந்தால், "ஐயா, இங்கே பெருவிரலை வையுங்கள்" என்று மையை நீட்டுகின்றீர். அவர் ஜோனைப் போலக் கேட்டால் சினக்கின்றீர். கேளாதிருந்தாலோ மகிழ்கின்றீர். பொருள் தெரியாமல் ஆணையிட்டவர் நாளை, "தாயைத் துறந்தாய்" என்று எவனாவது மேடையில் முழங்கும்போது, விடை சொல்ல அறியாமல் தலைகுனிந்து நிற்கின்றார். குற்றமற்றவரைக் குற்றவாளி போல் நிறுத்தியது யார்? மை நீட்டிய கையன்றோ!

இதற்குச் செலவு ஒன்றுமில்லை. கால்மணி நேரம் போதும். அவ்வாணையின் ஒவ்வொரு சொல்லையும் தமிழிலே எடுத்துச் சொல்லி, எதனைத் துறக்கின்றீர்கள், எதனைத் துறக்கவில்லை என்று விளக்கி, அவர் விளங்கிக்கொண்டதாகத் தம் வாயாற் சொன்ன பின்னரே விரலைத் தொட வேண்டும். தொழிற்சங்கங்களும், வாசகசாலைகளும், கோயிற் கமிட்டிகளும் இதனைச் செய்யலாம். கும்பாபிஷேகத்திற்கு ரசீதுப் புத்தகம் அச்சிடுபவர்கள், ஆணை வாசகத்தைத் தமிழில் ஒரு தாளாக அச்சிட முடியாதா?

நம் சீர்திருத்தக்காரரையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனமில்லை. மேடையிலே சாதியைத் துறந்தோம் என்று கைதூக்கித் தீர்மானம் நிறைவேற்றுகின்றோம். அது ரினவுன்ஸ், அறிவிப்பு. அதற்குமேல் ஆணை இல்லை. ஆணை கேட்பாரும் இல்லை. மறுமாதம் அதே கை, பெண் தேடும் விளம்பரத்தில் உட்பிரிவு முதற்கொண்டு எழுதுகின்றது. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து விடவேண்டுமெனத் தீர்மானித்தபோது, அதனை ஏற்றவர்கள் அன்றுமுதல் ஒவ்வொரு கையொப்பத்திலும் அதனைச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. ஆணையில்லாவிட்டாலும் நாள்தோறும் ஒரு சாட்சி இருந்தது, தாளிலே. கைதூக்குவோருக்கு அந்தச் சாட்சியும் இல்லை. எழுத்தறியாத தோட்டத்துக் கிழவர் தாம் இட்ட ஆணையைக் காத்து, அயல்நாட்டு வாக்குச் சாவடியின் பக்கம் தலைவைத்தும் படுக்காமல் வாழ்ந்து முடிக்கின்றார். அவரைப் பார்த்து, "மறுதலித்தவர்" என்று சொல்லும் தகுதி கைதூக்கிகளுக்கு உண்டா?

கடைசியாக மொழிபெயர்ப்பு. நம் கைக்கு வரும் சிற்றகராதிகள் இச்சொல்லுக்கு மறு, விடு, துற என்று கொடுத்து நின்றுவிடுகின்றன. ஆணை எங்கே போயிற்று? தமிழில் அதற்குச் சொற்பஞ்சம் இல்லை. சூள் உண்டு, வஞ்சினம் உண்டு, ஆணை உண்டு. வழக்கில் சத்தியமும் பிரமாணமும் உண்டு. நம் பழம்புலவர் வஞ்சினம் என்று பாடியது, இன்னது செய்யேனாயின் எனக்கு இன்ன இழிவு நேர்க என்று தன்மேற் பழியை ஏற்றிக்கொள்ளும் கூற்று. அது போர்க்களத்திற்கு உரியது, அலுவலக மேசைக்குப் பொருந்தாது. 'சூள்துறத்தல்' என்று ஒரு நண்பர் ஆக்கித் தந்தார். கேட்க அழகாக இருக்கின்றது. ஆனால் சூளால் துறத்தலா, சூளையே துறத்தலா என்று தொகை மயங்குகின்றது. இரண்டாவதாயின் அது பொய்யாணையாகிவிடும். அதிகாரியின் முன்னே நிற்கும் மனிதனுக்கு இலக்கண மயக்கம் ஆகாது. ஆகவே 'ஆணையிட்டுத் துறத்தல்' என்று விரித்தே சொல்வது நலம் என்பது நம் கருத்து. லாயல்டிக்குப் பற்று வேண்டா. 'குடிக்கடமை' என்க.

அவ்வாறாயின் அவ்வாணையின் முற்பகுதி தமிழிலே இவ்வாறு அமையும்: கூட்டரசுக்குப் புறம்பான எந்நாட்டிற்கும் எனக்கும் இடையே உள்ள குடிக்கடமை யாவற்றையும் முற்றிலும் முழுவதும் விட்டேன் என அறிவித்து, அதனை ஆணையிட்டும் துறக்கின்றேன். இதனை அப்படியே எழுதி எம் மேசையின் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கின்றோம். இதனினும் நல்ல தமிழ் உடையார் இவ்வேட்டிற்கு எழுதி அனுப்புக. நம்முடையதை விட்டுவிட நாம் சித்தமாயிருக்கின்றோம். அதற்கு ஆணை தேவைப்படாது.